ஒன்பதாவது ஏடு

1976ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, டண்டினொங்கிலுள்ள எங்கள் பங்குக் கோவிலின் பாட்டறையில், திரு. ஒல்ட்ரிக் ஹனாக் எண்ணெய்த்துணியில் சுற்றிய பொதி ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார். நீல நூலால் கட்டப்பட்டிருந்த அப்பொதியில், கையால் எழுதப்பட்ட இசை ஏடுகள் ஒன்பது இருந்தன. அவற்றை அவர் முன்னிலையில் இருமுறை எண்ணி, ஒன்பது என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப்பைக்குள் வைத்தார். வாசித்துவிட்டு வையுங்கள் என்றேன். எடுத்து வாசித்தார்.

நான் அக்கோவிலில் ஓர்கன் வாசிப்பவள். பாட்டுத் தாள்களுக்கும் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடப் பாடசாலை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மேலைச் சங்கீதமும் இலத்தீனும் கற்பித்து ஓய்வுபெற்று, 1973இல் கடல்கடந்து டண்டினொங்கிலுள்ள தம்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த மாதமே கோவிலின் பாட்டு அலுமாரியைத் திறந்தபோது, உயிர்ப்புப் பெருவிழாப் பாட்டுகளுக்கிடையில் மரணப் பூசைத் தாள்கள் கிடக்கக் கண்டேன். அன்றே ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். செய்யும்படி எவரும் கேட்கவில்லை; வேண்டாமென்றும் எவரும் சொல்லவில்லை.

ஹனாக்குக்கு வயது அறுபத்தொன்று. செக் நாட்டவர், 1949இல் எல்லையைக் கடந்து வந்து, இருபத்தைந்து ஆண்டுகளாக டண்டினொங்கின் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம். அவர் கூறியவற்றை நான் தமிழில் தருகிறேன். என் பெயரான மரியநாயகம் அவர் வாயில் நுழையவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு, "மிஸ் மரியா போதாதா? மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்கிறேன்" என்றார்.

பொதியில் இருந்தது ஒரு நத்தார்ப் பூசை: கிறிஸ்து பிறப்புத் திருநாளில் பாடுவதற்காக இலத்தீன் பூசை வசனங்களுக்கு அமைத்த இசை. அதை இயற்றியவர் மத்தேய் ஸ்கலா. 1731இல் பொஹீமியாவின் மலையடிவாரத்தில் ஓல்ஷின்கா என்ற சிற்றூரில் நெசவுகாரர் ஒருவருக்குப் பிறந்து, இருபத்திரண்டாம் வயதில் அதே ஊரின் பள்ளி ஆசிரியராகி, 1796இல் அங்கேயே இறந்தவர். அக்காலத்தில் அந்நாட்டு ஊர்களில் பள்ளி ஆசிரியரே கோவிலின் இசைக்கும் பொறுப்பு. எழுபது பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிப்பார், மணியடிப்பார், கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், ஓர்கன் வாசிப்பார், திருநாள்களுக்குத் தேவையான பூசைகளைத் தாமே இயற்றிக் கொடுப்பார். பாடியவர்கள் அவருடைய மாணவர்கள். முதல் வயலின் லாடம் அடிப்பவர். இரண்டாம் வயலின் மாவு ஆலைக்காரர். இரண்டு கொம்புகளையும் ஊதியவர்கள் பிரபுவின் காட்டுக் காவலர்கள்.

"மாவு ஆலைக்காரனுக்கு நான்கு சுரங்களுக்கு மேல் வராது" என்றார் ஹனாக். "பாருங்கள், இரண்டாம் வயலினில் நான்குக்கு மேல் இருக்காது. கொம்புக்காரர்கள் விசுவாசப் பிரமாணம் என்ற பகுதி முழுவதும் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் வெளியே போய்ப் புகைபிடிப்பார்களாம். ஸ்கலாவுக்குத் தெரியும். அதனால் அவர்களுக்கு அதில் ஒன்றும் எழுதவில்லை."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அப்பா அந்தக் கோவிலின் சக்கிறிஸ்தார், பூசைச் சாமான்களைப் பார்ப்பவர். அவருடைய அப்பாவும் அப்படியே. ஊரில் வேறு கதை இல்லை, மிஸ்."

அவருடைய தந்தை சிறுவனாக அந்தப் பூசையைப் பாடியிருக்கிறார். ஹனாக் அதை ஒருமுறையேனும் கேட்டதில்லை. நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, தந்தை பூசைச் சாமான் பெட்டியிலிருந்து இந்தப் பொதியை எடுத்து, ஒன்பதும் ஒன்றாக இருக்கட்டும் என்று சொல்லி, தம் கையாலே நூலைக் கட்டிக் கொடுத்தாராம். மகன் அதைச் சட்டைக்குள் வைத்து எல்லையைக் கடந்திருக்கிறார்.

"இருபத்தேழு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் தமது இடக்காதைத் தொட்டார். "இது போய்விட்டது. இயந்திரச் சத்தம். வலது பக்கத்துக்கு டாக்டர் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார். இந்த நத்தாருக்குப் பாடினால் எனக்குக் கேட்கும். அடுத்த நத்தாருக்குப் பாடினால் நீங்கள் எல்லோரும் வாய் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்."

பாடலாமா, முடியாதா என்பதைச் சொல்லவேண்டியவள் நான். எங்கள் பாட்டுக் குழுவில் மூவர்: பங்குத் தந்தை கியோ சுவாமியார், பாடகர்களை நடத்தும் திருமதி டொனலி, நான். பழைய ஏடுகளை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே ஆகையால், பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்கள்.

ஒரு வாரம் பரிசோதித்தேன். நான்கு குரல்களுக்கு நான்கு ஏடுகள், வயலின்களுக்கு இரண்டு, கொம்புகளுக்கு இரண்டு, ஓர்கனுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் முழுப்பிரதி கிடையாது. அந்நாள்களில் அப்படி ஒன்று எழுதும் வழக்கம் குறைவு, காகிதம் அருமை, முழுவதும் ஆசிரியரின் தலைக்குள் இருந்தது. குரல்களும் வயலின்களும் டி தொனியில், அதாவது டி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு, அமைந்திருந்தன. இசை எளிமையானது, ஆனால் ஒரு சுரமும் வீணாக வைக்கப்படவில்லை. மாவு ஆலைக்காரரின் நான்கு சுரங்களை வைத்துக்கொண்டு அவர் செய்திருந்ததைப் பார்த்தபோது, நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன்.

ஒன்பதாவது ஏடு, ஓர்கனுக்குரியது, சி தொனியில் இருந்தது. ஒரு முழுச் சுரம் தாழ்வு. காகிதம் வேறு, கையெழுத்தும் வேறு. ஓர்கனில் அமர்ந்து, இடக்கையால் அந்த ஏட்டையும் வலக்கையால் குரலின் அடிச்சுர ஏட்டையும் சேர்த்து வாசித்தேன். சகிக்கவில்லை. முதற் கட்டத்திலேயே நிறுத்தினேன். (ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரையுள்ள தாள அளவையே கட்டம் என்கிறேன்.)

கொம்பு ஏடுகளும் சி தொனியில்தான் எழுதப்பட்டிருந்தன. அது எனக்குத் தடையாகத் தெரியவில்லை. கொம்பு எழுதியபடி ஒலிப்பதில்லை என்பது எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. ஓர்கன் எழுதியபடி ஒலிக்கும் என்பது என் நாற்பது ஆண்டு அனுபவம்.

ஒக்டோபர் 16ஆம் திகதி அறிக்கையை எழுதினேன். ஒன்பதாவது ஏடு தொனியிலும் காகிதத்திலும் கையெழுத்திலும் மற்றவற்றோடு பொருந்தாமையால், அது வேறொரு படைப்புக்குரியது. தவறுதலாக இப்பொதியில் சேர்ந்துள்ளது. ஓர்கனின் அடிச்சுரம் இன்றி இப்பூசை அத்திவாரமற்றது. எனவே பாடத் தகுந்ததன்று. இவையே அதன் சாரம். ஒன்பதாவது ஏட்டின்மேல் "வேறு படைப்பு" என்று எழுதிய சீட்டைக் கவ்வியால் பொருத்தினேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் குழு கூடியது. கியோ சுவாமியார் அறிக்கையை இருமுறை வாசித்தார்.

"மிஸ் மரியநாயகம், கொஞ்சமும் இடமில்லையா? நீங்களே ஓர் அடிச்சுரம் எழுதிவிட முடியாதா?"

"அப்படிச் செய்தால் அது ஸ்கலாவின் பூசையல்ல, சுவாமி. என்னுடையது."

"அதனால் என்ன கெட்டுப்போகும்?"

"உண்மை கெட்டுப்போகும்."

திருமதி டொனலி பெருமூச்சு விட்டார். ஹனாக் வெளியே மர வாங்கில் அமர்ந்து காத்திருந்தார். சுவாமியார் வலப்பக்கமாக அமர்ந்து அவரிடம் விடயத்தைச் சொன்னார். நான் எட்டு ஏடுகளையும் எண்ணெய்த்துணியில் சுற்றி நீட்டினேன். ஒன்பதாவதைத் தனியாகக் கொடுத்தேன்.

அவர் அதன்மேல் இருந்த சீட்டைப் பார்த்தார். "இது எங்கள் பூசையுடையது இல்லை என்கிறீர்களா?"

"ஆம்."

"அப்பா ஒன்பது என்றார்."

"உங்கள் அப்பாவுக்கு இசை வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது. எண்ணத் தெரியும்."

அவர் ஏட்டை மூடினார். பிறகு, "இது எங்களுடையது இல்லையென்றால் என்னிடம் ஏன்? நீங்களே வைத்திருங்கள், மிஸ்" என்று அந்த ஏட்டை என் கையில் தந்துவிட்டு, எட்டு ஏடுகளோடு போனார். நூலைக் கட்டவில்லை, சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் அந்த ஏட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடி திறக்கும் பியானோ வாங்கினுள் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, 23ஆம் திகதி. மறுநாள் கந்தசஷ்டி தொடங்குகிறது. என் தம்பியின் மனைவி யோகா சைவக் குடும்பத்தில் பிறந்தவள். திருமணத்தின்பின் இரு மதத்துக்கும் பொதுவாக இருந்துகொண்டவள். டண்டினொங்கில் அப்போது சைவர்களுக்குக் கோவில் ஏது? சைவக் குடும்பங்கள் ஆறும் ஒருவர் வீட்டில் ஒன்றுகூடிப் பாடுவதாக ஏற்பாடு. அதற்காக எங்கள் முன்னறையில் ஒத்திகை நடந்தது. வந்திருந்தவர் சிவபாலன். ஹனாக் வேலைசெய்யும் அதே தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவர், வயது முப்பத்திரண்டு, நம் முறையில் வயலின் நன்றாக வாசிப்பார். அன்று அவர் வயலினோடு ஓர் ஆர்மோனியமும் கொண்டுவந்திருந்தார். கிரான்பர்ன் பக்கத்தில் குடியேறிய நாகராஜன் என்ற தமிழ்நாட்டுக்காரரிடம் இரவல் வாங்கியது.

நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"அக்கா, அஞ்சு கட்டைதானே உங்கடை சுருதி?" என்று யோகாவிடம் கேட்டார் சிவபாலன்.

"ஓம், அஞ்சு. அதுக்கு மேலை ஏத்தினால் பிறகு நீங்கள்தான் பாடவேணும்."

கட்டை என்பது நம்மவர் சுருதியைக் குறிக்கும் கணக்கு: ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் சி ஒரு கட்டை, டி இரண்டு, அவ்வாறே மேலே. ஐந்து கட்டை என்றால் ஜி. ஆர்மோனியம் ஒலித்தது. யோகா பாடத் தொடங்கினாள். சுருதி சரியாகவே இருந்தது. பிழையான சுருதி எந்த அறையிலிருந்து வந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தேநீர்க் கோப்பைகளோடு உள்ளே போனேன். சிவபாலனின் விரலைப் பார்த்தேன். அது நான்கு கட்டையில், எஃப்பில், இருந்தது.

கோப்பைகளை மேசைமேல் வைத்தேன்.

"தம்பி, எந்தக் கட்டையை அமத்துறீர்?"

"நாலு, அன்ரி."

"அவள் பாடுறது அஞ்சு."

"ஓம், அஞ்சுதான்." அவர் சிரித்தார். "இந்தப் பெட்டியின்ரை கட்டை வரிசை நகருற மாதிரிச் செய்தது. கப்பலிலை வரேக்கை இரண்டு பல்லு, ஒரு முழுக் கட்டை, தள்ளிப்போய் இறுகிப்போச்சு. நாகராஜன் சுத்தியலாலையும் தட்டிப் பார்த்திட்டார். இப்ப எதை அமத்தினாலும் ஒரு கட்டை கூடத்தான் கேக்கும். அதாலை நான் ஒரு கட்டை இறக்கி வாசிக்கிறன்."

"பாட்டையும் இறக்கி எழுதி வைச்சிருக்கிறீரோ?"

"இஞ்சை பாருங்கோ." ஆர்மோனியத்தின்மேல் ஒரு தாள் இருந்தது. சுரங்களெல்லாம் ஒரு கட்டை தாழ்த்தி எழுதப்பட்டிருந்தன. "வாத்தியம் உயர நிண்டால் வாசிக்கிறவன்தானே இறங்கவேணும்? பாடுறவையை ஏத்தேலுமே? காதுக்கு ஒண்டுதான்."

"ஆர் இப்பிடி எழுதச் சொல்லித் தந்தது?"

"இதுக்கு ஆர் சொல்லித் தரவேணும், அன்ரி?"

யோகா பாட்டை நிறுத்திவிட்டாள். "மச்சாள், ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது? தண்ணி கொண்டுவரட்டோ?"

பியானோ வாங்கைத் திறந்து ஒன்பதாவது ஏட்டை எடுத்தேன். சீட்டைக் கழற்றினேன். முதல் வரியை, எழுதியபடியன்றி, ஒரு சுரம் உயர்த்தி வாசித்தேன். எட்டு ஏடுகளும் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு வாரம் முழுவதும் பார்த்த முதல் வயலின் என் நினைவில் இருந்தது. அதை வாயால் முணுமுணுத்தேன். இரண்டும் பொருந்தின. பத்துக் கட்டம் போனேன். இருபது போனேன்.

"இதென்ன பாட்டு?" என்றாள் யோகா.

"நான் பாடக் கூடாதெண்டு எழுதிக் குடுத்த பாட்டு" என்றேன்.

காதுக்குப் பொருந்துவது சாட்சியாகாது. சென்ற கிழமை என் காதுதான் தீர்ப்பளித்தது. எண்ணிப் பார்க்கவேண்டும். அதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு ஏடுகளும் ஒரே படைப்புக்குரியவையானால், ஒவ்வொரு பகுதியிலும் கட்டங்களின் தொகை ஒன்றாக இருக்கும். பாட்டு அலுமாரியின் தாள்களையெல்லாம் எண்ணுகிறவள், இதை எண்ணவில்லை. காரணங்கள் மூன்று கைவசம் இருந்ததால், நான்காவதைத் தேடவில்லை.

மறுநாள் பிற்பகல் சிவபாலன் என்னைத் தம் காரில் ஹனாக்கின் வீட்டுக்கு அழைத்துப்போனார். வழியில், "அன்ரி, நான் என்ன சொல்லிப்போட்டன் எண்டு இவ்வளவு அவசரம்?" என்றார். விளக்கினேன். அவர் காரைத் திருப்பிக்கொண்டே, "அப்ப ஹனாக்குக்கு நீங்கள் சொல்லவேண்டியது கனக்க இருக்கு" என்றார்.

"கனக்க இல்லை. ஒண்டுதான்."

முன்கதவை மூன்றுதரம் தட்டினோம். விடையில்லை. சுற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போனோம். ஹனாக் முழந்தாளிட்டு நோக்கோல் பாத்திக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இடப்பக்கமாக வந்து கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை. சிவபாலன் வலப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கையசைத்தார்.

"ஓ, வரைபடக்காரர்! மிஸ் மரியாவுமா? யாராவது இறந்துவிட்டார்களா?"

"நான் பிழை விட்டுவிட்டேன், திரு. ஹனாக்" என்றேன். அவர் முகத்தில் மாற்றமில்லை. கேட்கவில்லையோ என்று, இன்னும் உரத்து, அயல்வீட்டுக்காரரும் கேட்கும்படி, "நான் பிழை விட்டுவிட்டேன்" என்று மீண்டும் சொன்னேன்.

"முதல் தடவையே கேட்டது" என்றார் அவர். "இரண்டாவது தடவையும் கேட்க ஆசையாக இருந்தது."

கைகளைக் கழுவிக்கொண்டு எங்களை உள்ளே அழைத்தார். எட்டு ஏடுகளும் அவருடைய அலுமாரிமேல் கிடந்தன. நான் ஒன்பதாவதை எடுத்து மேசைமேல் வைத்து, முதல் வயலின் ஏட்டையும் அருகில் விரித்தேன். இரண்டு பென்சில்கள் கேட்டேன்.

"எனக்கு இசை தெரியாதே" என்றார்.

"எண்ணத் தெரியுமல்லவா? ஓர்கன் ஏட்டின் குறுக்குக்கோடுகளை நீங்கள் எண்ணுங்கள். வயலினை நான் எண்ணுகிறேன். ஒரு பகுதி முடிந்ததும் தொகையை எழுதுவோம். முடியும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. சிவபாலன் சரிபார்ப்பார்."

அவர் செக் மொழியில், உதடுகள் அசைய, எண்ணினார். நான் தமிழில் எண்ணினேன். முதற் பகுதியான ஆண்டவரே இரக்கமாயிரும்: இருவருக்கும் நாற்பத்தாறு. உன்னதங்களிலே: நூற்றிரண்டு, நூற்றிரண்டு. விசுவாசப் பிரமாணத்தில் எனக்கு நூற்று முப்பத்தொன்று. அவருக்கு நூற்று முப்பது.

சிவபாலன் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் மீண்டும் எண்ணினேன், நூற்று முப்பத்தொன்று. ஹனாக்கும் மீண்டும் எண்ணினார். "நூற்று முப்பதுதான், மிஸ்" என்றார், ஏதோ அவருடைய குற்றம்போல. "ஒன்று குறைந்தால் என்ன ஆகும்?"

"ஒன்று குறைந்தால் அது வேறு படைப்பு" என்றேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு மனம் வந்தது; ஆனால் அதுவே உண்மை.

ஏட்டை என் பக்கம் திருப்பி, விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனேன். நான்காம் பக்கத்தின் நடுவில், பழுத்த மஞ்சள் நிறத்தில் ஒரு கறை. நகத்தால் சுரண்டினேன். மெழுகு. ஓர்கன் வாசிப்பவர் பக்கத்தில் வைத்திருந்த மெழுகுதிரியிலிருந்து எப்போதோ சொட்டியது. அதன் கீழே ஒரு குறுக்குக்கோடு இருந்தது.

ஹனாக் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். மிச்சம் மூன்று பகுதிகளும் பொருந்தின: இருபத்தெட்டு, முப்பத்தேழு, ஐம்பத்துநான்கு. மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"ஆனால் ஏன் தாழ்த்தி எழுதினார்?" என்று கேட்டார்.

"உங்கள் ஊர் ஓர்கன் ஒரு சுரம் உயரமாக ஒலித்திருக்க வேண்டும். பாடுகிறவர்களை உயர்த்த முடியாது. ஆகையால் ஓர்கன் வாசிப்பவர் தாழ்த்தி வாசித்தார்." இதைச் சொல்லும்போது சிவபாலனைப் பார்க்காமல் சொன்னேன். அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹனாக் மேசையில் கையால் அடித்தார். பென்சில்கள் உருண்டன. "1903! பழைய ஓர்கனை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். அந்த நத்தாருக்குப் புதிய ஆசிரியர் இந்தப் பூசையை வாசிக்க உட்கார்ந்தார். தொடங்கியதும் பெண்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்களாம். அவர் எழும்பி, தாள்கள் பிழை என்று சொல்லிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. அப்பா இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துச் சிரித்துச் சொல்வார்."

"இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லையே, மிஸ்."

"கையெழுத்து வேறாக இருக்கிறதே, அதற்கும் கதை உண்டா?"

"ஸ்கலாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது. அவர் தினமும் புரட்டியதால் ஓர்கன் ஏடு கிழிந்துபோயிற்று. மகள் பார்போரா புதுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவரிடமும் கேட்காமல் நான் அறிக்கை எழுதியிருந்தேன். எனக்கு முன், எழுபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்னும், ஓர் ஆசிரியர், எழுதியபடியே ஒலிக்கும் புதிய ஓர்கனில், முதற் கட்டத்திலேயே கையை எடுத்திருக்கிறார். அந்த மனிதரைக் குறித்து ஹனாக்கின் தந்தை சிரித்ததில் நியாயம் இருந்தது.

சிவபாலன் காரிலிருந்து வயலினைக் கொண்டுவந்தார். அவருக்கு மேலைநாட்டு எழுத்து வாசிக்க வராது. நான் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பகுதியின் முதற் பதினாறு கட்டங்களை, டி தொனியைச் சட்சமமாக வைத்து, ச ரி க ம என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் தந்திகளைத் தம் முறைக்கு இறக்கிக்கொண்டார்.

"சங்கராபரணம்தானே, அன்ரி?"

"கமகம் ஒண்டும் வேண்டாம். கோடு கீறினமாதிரி வாசியும்."

"கோடு கீறுறதுதான் என்ரை தொழில்."

அவர் வாசித்தார், நான் அடிச்சுரத்தைப் பாடினேன். என் குரல் அதற்கேற்றதன்று. ஒரு ஸ்தாயி மேலே வைத்துத்தான் பாடினேன். ஹனாக் நாற்காலியைத் திருப்பி, வலக்காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டார். பதினாறு கட்டங்கள் ஒரு நிமிடமும் ஆகாது. முடிந்ததும் ஹனாக் எழுந்து போய், ஒரு தட்டில் நோக்கோலை வட்டமாக வெட்டி, உப்புத் தூவிக் கொண்டுவந்து வைத்தார். மூவரும் தின்றோம்.

"மிச்சமும் இப்படித்தானா?" என்று கேட்டார் பிறகு.

"மிச்சம் இதைவிட நன்று" என்றேன்.

27ஆம் திகதி, புதன்கிழமை, மாலை ஐந்து மணிக்குக் குழுவைக் கூட்டும்படி நான் கேட்டுக்கொண்டேன். என் முந்திய அறிக்கை பிழையென்றும், பிழை எவ்வாறு நேர்ந்ததென்றும் எழுத்தில் கொடுத்தேன். பாட்டுத் தாள்களின் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதாகவும் அதன் கீழே எழுதியிருந்தேன்.

கியோ சுவாமியார் கடைசி வரியைப் பென்சிலால் வெட்டினார். "உங்களுக்கு முன் அந்த அலுமாரியில் எலி குடியிருந்தது. எலியிடம் திரும்பக் கொடுப்பதாக இல்லை."

திருமதி டொனலிதான் நாள்களை எண்ணினார். "எட்டு வாரம். என் பாடகர்களில் பாதிப்பேருக்கு இலத்தீன் மறந்துவிட்டது. மற்றப் பாதிக்கு அது தெரியவே தெரியாது. முழுப் பூசை முடியாது, மிஸ் மரியநாயகம். விசுவாசப் பிரமாணத்தை நினைத்தும் பார்க்காதீர்கள்."

"ஸ்கலா பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பாடுவித்தார்."

"அவர் அவர்களுக்குப் பிரம்பால் அடிக்கலாம்."

சுவாமியார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, திருமதி டொனலி சொன்னது சரி என்பதை ஏற்றுக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஹனாக்கும் அழைக்கப்பட்டு, சுவாமியாரின் இடப்புறத்தில், வலக்காது எங்கள் பக்கம் இருக்கும்படி அமர்ந்திருந்தார். முடிவில் தீர்மானிக்கப்பட்டவை வருமாறு.

நத்தார் தினமான டிசம்பர் 25ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணிப் பூசையில், மத்தேய் ஸ்கலாவின் பூசையிலிருந்து நான்கு பகுதிகள் பாடப்படும். உன்னதங்களிலே என்ற பகுதியும் விசுவாசப் பிரமாணமும் வழக்கம்போல ஆங்கிலத்தில் சொல்லப்படும். முதல் வயலினைச் சிவபாலன் வாசிப்பார். அவருக்குரிய சுரங்களை நான் நவம்பர் 7ஆம் திகதிக்கு முன் தமிழில் எழுதிக் கொடுப்பேன். இரண்டாம் வயலினைத் திருமதி டொனலியின் கணவர் வாசிப்பார். பள்ளிக்கூடத்தோடு வாசிப்பதை விட்டவராயினும், நான்கு சுரங்கள் அவருக்கு வரும். கொம்புகள் கிடைக்காமையால் அவற்றின் பகுதியை ஓர்கனில் நானே சேர்த்து வாசிப்பேன். ஓர்கன் ஏட்டை டி தொனியில் புதிதாகப் பிரதிசெய்து அதிலிருந்து வாசிப்பேன். பார்போரா எழுதிய ஏட்டில் ஒரு கோடும் சேர்க்கப்படாது, மெழுகும் மேலும் சுரண்டப்படாது. ஹனாக்குக்கு மக்கள் வாங்கில் அல்ல, மேலே பாடகர் மாடத்தில், ஓர்கனுக்கு இடப்புறத்தில் ஒரு கதிரை போடப்படும். என் முதல் அறிக்கை குழுவின் குறிப்பேட்டிலிருந்து அகற்றப்படாது. அதன் கீழே திருத்தம் எழுதப்பட்டு, நான் கையொப்பமிடுவேன்.

ஹனாக் ஒன்றே ஒன்று கேட்டார்: ஒன்பது ஏடுகளும் ஒன்றாகக் கட்டப்பட வேண்டும். அவர் காற்சட்டைப் பையிலிருந்து நீல நூலை எடுத்துக் கொடுத்தார். நான் ஏடுகளை எண்ணிக் கட்டினேன். பொதி அவரிடமே இருக்கும் என்றும், ஒத்திகைக்கு வேண்டியபோது கொண்டுவருவார் என்றும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கூட்டம் ஆறரை மணிக்கு முடிந்தது.